இரண்டாவது மானிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு பக்கம் டாலி, மறுபக்கம் பில்களின் பிடிஎஃப் என்று நாள் முழுக்க மாறி மாறிப் பார்த்து வேலை செய்பவருக்கு இரண்டாவது மானிட்டர் ஆடம்பரம் அல்ல. வாங்கக் கிளம்பும்போதுதான் கணக்கு பிசகுகிறது. இருப்பதைவிடப் பெரியதாக, பணம் இடங்கொடுத்தால் 4கே ஆகவே பார்ப்போமே என்று தோன்றும். தனியாக நிற்கப்போகும் திரைக்கு அது சரியான யோசனை. ஜோடி சேரப்போகும் திரைக்கோ உயரமும், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற அடர்த்தியும் பழைய திரையோடு ஒத்துப்போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

24 அங்குல ஃபுல் எச்டி திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல்கள். 27 அங்குல 4கே திரையில் சுமார் 163. இரண்டையும் 100 சதவீத அளவில் வைத்தால், முதல் திரையில் 22 செ.மீ. அகலம் இருந்த ஜன்னல் அடுத்த திரைக்கு இழுத்ததும் பன்னிரண்டரை செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். மவுஸும் தகராறு செய்யும். 4கே திரையில் மேலிருந்து கீழாக 2160 வரிசைகள், மற்றதில் 1080. விண்டோஸ் இவற்றை வரிசைக்கு வரிசை ஒட்டிவைப்பதால், 4கே பக்கமிருந்து போகும் அம்புக்குறி எல்லையின் பாதி நீளத்தில் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். விண்டோஸ் 11-இல் இதைத் தளர்த்த ஒரு அமைப்பு உண்டு. ஸ்கேலிங்கை 175 சதவீதமாக்கினால் எழுத்தின் அளவும் ஒத்துவந்துவிடுமே என்று கேட்கலாம். உண்மைதான், எழுத்து கூர்மையாகவும் தெரியும். ஆனால் பழைய மென்பொருள்கள் பல, திரை மாறியதும் மங்கலாகிவிடுகின்றன. 4கே வேண்டுமென்றால் இரண்டுமே 4கே ஆக இருக்கட்டும்.

இதே கணக்கு, மூலையில் கிடக்கும் பழைய மானிட்டருக்குச் சாதகமாகவும் முடியலாம். ஒருகாலத்தில் அலுவலகங்களில் எங்கும் இருந்த, சதுரமாகத் தெரியும் 19 அங்குல எல்சிடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1280-க்கு 1024 பிக்சல், அங்குலத்துக்குச் சுமார் 86. திரையின் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ.; இன்றைய 24 அங்குல அகலத்திரையின் உயரமும் அதேதான். பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய வரிக்கு வரி பொருந்தும். காயலான் கடைக்குப் போடுமுன் யோசியுங்கள்.

இரண்டு எதற்கு, 34 அங்குல அல்ட்ராவைடு ஒன்று போதாதா என்பவர்களும் உண்டு. நடுவில் சட்டம் இல்லாதது வீடியோ எடிட்டிங்குக்கு வசதி. ஆன்லைன் கூட்டத்தில் முழுத் திரையையும் பகிரும்போதோ, லேப்டாப்பில் பார்க்கும் எதிராளிக்கு எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரியும். இரட்டைத் திரையில் ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதில் நம் குறிப்பை வைத்துக்கொள்ளலாம்.

போர்ட் விஷயத்தில் அசட்டை வேண்டாம். எல்லா யூஎஸ்பி-சி துளையும் படத்தைக் கடத்தாது. எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள லேப்டாப்பில் 4கே திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். மவுஸ் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர், நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். ஆகவே கடைக்குக் கிளம்புமுன் டேப்பை எடுத்து, இருக்கும் திரையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்; கணினியின் போர்ட்டுகளைப் போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.