மேல்மலையில் ஒரு தோட்டச் சுவர்

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் நூறு கிலோமீட்டருக்குள் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானல். மார்கழியில் சமவெளிக்காரருக்குத் தலையில் ஒரு துண்டு போதும். மேலே ஏரியோரப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். இரண்டும் ஒரே மாவட்டம்.

கீழிருந்து போய் மலையில் சிறு வீடும் தோட்டமும் போடுகிறவர்கள் கொத்தனாரையும் கீழிருந்தே அழைத்துப் போகிறார்கள். செங்கல், எம்-சாண்ட், சிமெண்ட் என்று சமவெளி வழக்கமும் சேர்ந்தே ஏறுகிறது. சில மழைக்காலம் கடந்ததும் சுவர் முன்பக்கம் வயிறு தள்ளுகிறது, நடைபாதைக் கல் ஆடுகிறது. குளிர்தான் காரணம் என்பார்கள். குளிர் பாதிக் காரணம்தான். மண்ணில் தங்கிய தண்ணீர்தான் முதல் காரணம்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. கடுங்குளிர் நாடுகளில் இதைவிடப் பெரிய வேலை ஒன்று நடக்கும். மண்ணுக்குள் உருவாகும் மெல்லிய பனிப்படலம் அடியிலுள்ள ஈரத்தை மேலே இழுத்து இழுத்துத் தடிக்கும். மேலிருக்கும் கல், படி, சுவர் எல்லாவற்றையும் தூக்கிவிடும். வண்டல் போன்ற மென்மண்ணில் இது அதிகம். சல்லியில் இடைவெளி பெரிது என்பதால் ஈரம் மேலே ஏறாது. டொராண்டோவில் நம் தமிழர்கள் வீட்டுப் பின்புறம் கல் பாவும்போது, தோண்டிய குழியில் முதலில் சல்லியைக் கொட்டி இடித்து இறுக்குவது இதற்காகத்தான். அங்கே கட்டட அஸ்திவாரம் 1.2 மீட்டராவது கீழே போக வேண்டும். உறைநிலை அவ்வளவு ஆழம் இறங்கும்.

கொடைக்கானலில் அந்த ஆழத்துக்கு வேலையில்லை. பகலில் நல்ல வெயில் அடிப்பதால் உறைபனி மண்ணின் மேல்தோலைத் தாண்டி அதிகம் இறங்காது. ஆனால் இங்கே வேறொரு சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. மண் ஊறிக் கனத்து நிற்கும்போதே உறைபனியும் வந்துவிடுகிறது. சரிவு மண் மொத்த ஈரத்தோடு சுவரை முன்னால் தள்ளும். நீர் குடித்த செங்கல் மேலே தோல் உரியும். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சலாம் என்று ஐ.எஸ். 1077 தரக்குறியீடே அனுமதிக்கிறது. அந்தக் கல்லை மலையில் மண்ணைத் தாங்க நிறுத்துவது வீண் செலவு.

மலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பூம்பாறையின் படிவயல்களைப் பாருங்கள். அங்கே விளையும் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; மண்ணைப் படிப்படியாக நிறுத்தி வைக்கும் கைவேலையை யாரும் பேசுவதில்லை. தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகளில் சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. செண்பகனூரில் இருந்த ஆங்லாட் பாதிரியார் அவற்றைப் பற்றி எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை ஐரோப்பாவின் எட்டு நாடுகள் சேர்ந்து 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. நம் மலையிலும் அந்தக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுக்க வேண்டும்.

மூன்றடிக்கு உட்பட்ட சுவர் என்றால் செய்முறை எளிது. மேல்மண்ணை வழித்துவிட்டு ஓரடி வானம் தோண்டி, பெரிய கருங்கற்களை அடியில் போட வேண்டும். அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. ஒவ்வோர் அடி உயரத்துக்கும் சுவர்முகம் இரண்டு அங்குலம் பின்னாலிருக்கும் மண் பக்கம் சாய வேண்டும். இடையிடையே சுவரின் அகலம் முழுக்கக் குறுக்கே ஓடும் நீளக்கல் வேண்டும். இது இல்லாமல் அடுக்கினால் முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிரியும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சல்லி. அதில் வடியும் நீர் கல் இடுக்கு வழியே தானாக வெளியேறும். சிமெண்ட் பூசிய சுவரானால் அடியில் குழாய்த்துளை விட்டே ஆக வேண்டும். மூன்றடிக்கு மேல் போனால் பொறியாளரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. தெளிந்த இரவில் குளிர்காற்று கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கும். குறுக்கே இடைவெளியின்றிச் சுவர் எழுப்பினால் அது அங்கேயே தேங்கி, சுவருக்கு மேல்பக்கச் செடிகள் உறைபனியில் கருகும். தாழ்ந்த மூலையில் ஒரு திறப்பு விடுங்கள். நடைபாதைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். கொத்திய கல் போதும், அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வையுங்கள்.

உறைபனியே இல்லாத சமவெளியில் இதெல்லாம் எதற்கு? கரிசல் நிலத்தில் வீடு கட்டியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் கரிசல், மேலைநாட்டுப் பனி செய்யும் அதே வேலையை ஆண்டுதோறும் செய்கிறது. பேவர் பிளாக் பாதை அலையலையாகக் கிடப்பது அதனால்தான். அங்கும் கரிசலை வெட்டியெடுத்துக் கிராவல் நிரப்பி இடிப்பதுதான் மருந்து. மேலேயானாலும் கீழேயானாலும், தோட்டச் சுவருக்குச் சிமெண்ட் மூட்டை சொல்லும் முன் சல்லி லோடு சொல்லுங்கள்.