காத்திருப்பின் கணக்கு: பதினோராவது மெஷின்

ஹார்ட் டிஸ்கின் தட்டு சுழன்று வரக் காத்திருக்க வேண்டும், ரேமில் வைத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை என்பதுவரை வந்திருந்தோம். அதனால் டேட்டாபேஸிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் தகவல்களின் பிரதியை ரேமில் வைத்துக்கொள்வார்கள். டேட்டாபேஸில் மாறிவிட்ட தகவலின் பழைய பிரதியை ரேமிலிருந்து எப்படித் துரத்துவது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் ஒரு வகுத்தல் கணக்கு வந்து பிடித்துக்கொண்டது.

பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மாணவராக இருக்கும்போது 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய நாட்குறிப்புத் தளம் லைவ்ஜர்னல். கூட்டம் பெருகி டேட்டாபேஸ் திணறியது. ஆனால் அவரிடமிருந்த மெஷின்கள் பலவற்றில் ரேம் சும்மா கிடந்தது. அதையெல்லாம் ஒரே கிடங்காக்க 2003-ல் அவர் எழுதியதுதான் மெம்கேஷ்டி. முதலில் பெர்லில், பிறகு அனடோலி வொரோபே அதை சி மொழியில் திருப்பி எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மெஷின்களுக்கு ஒன்றையொன்று தெரியவே தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பேரேடும் கிடையாது. தகவல் கேட்கிற புரோகிராம், அதன் பெயரை ஒரு எண்ணாக மாற்றி, மெஷின்களின் எண்ணிக்கையால் வகுக்கும். மீதிதான் விலாசம். எண் 7,04,233, மெஷின்கள் 10 என்றால் மீதி 3. நேரே மூன்றாம் எண் மெஷினின் கதவைத் தட்டலாம். யாரிடமும் வழி கேட்க வேண்டாம்!

சரி, பதினோராவது மெஷின் வாங்கினால்? அதே எண்ணை 11-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 2. பொருள் ஓரிடத்தில், தேடுவது வேறிடத்தில். இது ஒன்றுக்கு மட்டுமல்ல, 11-ல் 10 பங்குத் தகவல்களுக்கு இதே கதிதான். ரேமில் காணோம் என்றதும் அத்தனை பேரும் டேட்டாபேஸ் மேல் பாய்வார்கள். வேகத்துக்காக வாங்கிய மெஷினே தளத்தைப் படுக்கவைத்துவிடும்.

மருந்து முன்பே தயாராக இருந்தது. 1997-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கார்கர், டாம் லெய்ட்டன், டேனியல் லெவின் முதலானோர் வெளியிட்ட கட்டுரை அது. வகுக்காதே, மெஷின்களையும் தகவல்களையும் ஒரே வட்டத்தின் மேல் நிறுத்து. ஒவ்வொரு தகவலும் தனக்கு அடுத்து வரும் மெஷினுக்குப் போகட்டும் என்றார்கள். புதிய மெஷின் நுழைந்தால் அதன் பக்கத்தில் இருப்பவை மட்டும் இடம் மாறும். சராசரியாக 11-ல் 1 பங்கு. தலைகீழ்!

இந்தக் கணக்கை வைத்துத்தான் லெய்ட்டனும் லெவினும், இணையதளங்களின் பக்கங்களை வேகமாகக் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் மோதிய முதல் விமானத்தில் லெவின் இருந்தார். வயது 31. அன்று செய்திக்காக உலகமே இணையத்தை மொய்த்தபோது, பல செய்தித் தளங்களைத் தாங்கி நின்றது அகமாய்.

மெம்கேஷ்டிக்கு அந்த வட்டத்தைப் பரவலாகக் கொண்டுவந்தது லாஸ்ட்.எஃப்.எம். என்ற லண்டன் இசைத் தளம் 2007-ல் வெளியிட்ட கெட்டாமா என்ற புரோகிராம். பழைய பிரதியைத் துரத்தும் கதை இதைவிடச் சிக்கலானது. ஃபேஸ்புக் 2010-ல் இரண்டரை மணி நேரம் முடங்கியதிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். அடுத்த வாரம்.