மினுக்குதா? அப்போ அழுக்கு!

ஷட்டர் பாதி ஏறியதுமே குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன். அவ்வளவு ஆசை! சென்னையில் கார் சீட்டுகளைச் சுத்தம் செய்துகொடுக்கும் ஒரு டீடெய்லிங் பட்டறை இது. காலையில் சாவியைக் கொடுப்போம், சாயங்காலம் புதுசு போல வாங்கிப்போவோம். நடுவில் உள்ளே என்னதான் நடக்கிறது? இன்றைக்கு முழுசாகப் பார்த்துவிடப் போகிறேன்!

நடுக்கூடத்தில் ஒரு வெள்ளை கார். உள்ளே பழுப்பு நிறத் தோல் சீட்டுகள். டிரைவர் சீட்டு மட்டும் எண்ணெய் தேய்த்துவிட்டது போல மினுமினுக்கிறது. "அடடா, இது நல்லாத்தானே இருக்கு!" என்றேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த தம்பி சிரித்தார். "அக்கா, மினுக்குறது தோல் இல்ல. அழுக்கு."

தூக்கிவாரிப்போட்டது! வியர்வையும் உடம்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்து படிந்த பிசுக்குதான் அந்தப் பளபளப்பாம். பெரும்பாலான கார்களில் புதுத் தோல் மங்கலாகத்தான் இருக்கும். இது தெரியாமல் எத்தனை பேர் மினுக்கலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்போம்!

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர், கண்ணில் படாத ஓரத்தில். முத்தாக நின்றது. மேலே பூச்சு இருக்கிறது, பயமில்லை. உறிஞ்சிக் கறுத்திருந்தால் பூச்சில்லாத தோல். அதற்கு வைத்தியமே வேறு. அடுத்து வேக்குவம். தையல் இடுக்கிலிருந்து மணல் சரசரவென்று ஏறுகிறது. அதை எடுக்காமல் தேய்த்தால் நாமே கீறல் போட்ட கதைதான்.

இப்போதுதான் நான் காத்திருந்த காட்சி! தம்பி நுரையைச் சீட்டில் அடிக்கவில்லை, குதிரைமுடி பிரஷ்ஷில் அடித்தார். இந்தச் சீட்டில் பொடிப்பொடி ஓட்டைகள், அடியில் காற்று தரும் மின்விசிறி. நேரே அடித்தால் ஈரம் எல்லாம் உள்ளே இறங்கிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வட்டவட்டமாக, பூப்போலத் தேய்க்கிறார். பாருங்கள், வெள்ளை நுரை டீ நிறத்துக்கு மாறுகிறது! காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒரு ஒற்று. துணியில் பழுப்புப் பட்டை. துடைத்த இடம் மங்கலாக, மெத்தென்று, தோலின் ரேகையெல்லாம் தெரிய நிற்கிறது. பக்கத்தில் இன்னும் துடைக்காத இடம் மினுக்குகிறது. ஒரே சீட்டில் இரண்டு நிறம்! கைதட்டிவிட்டேன்.

"துணி துவைக்கிற பவுடர் போட்டா என்ன தம்பி?" என்று கேட்டதும் பதறிவிட்டார். அந்தப் பதற்றத்துக்குப் பின்னால் இருக்கும் ரகசியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பதனிடும்போது தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைப்பார்கள். அந்தக் கட்டத்துக்குப் பெயரே 'பிக்கிள்', அதாவது ஊறுகாய்! அதனால் தோலுக்கு இயல்பிலேயே லேசான புளிப்புத்தன்மை உண்டு. சலவைப் பவுடரோ காரம். அதற்கும் தோலுக்கும் ஆகவே ஆகாது. பி.ஹெச். அளவு 7-ஐ ஒட்டிய மிதமான கிளீனர்தான் சரி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலோடு பிழைக்கும் ஊர்கள் நிறைந்த மாநிலம் இது. அடையாறிலேயே 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு தோலுக்குச் சலவைப் பவுடர் போடலாமா?

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பூச்சுள்ள தோல் அதைக் குடிக்காது. மேலேயே நின்று தூசியை அழைக்கும். கறையை மாயமாக்கும் வெள்ளை ஸ்பாஞ்சும் வேண்டாம், அது மகா மெல்லிய உப்புத்தாள். சானிடைசர் கையோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள், கை காயட்டும். ஆல்கஹால் பூச்சை அரிக்கும்.

நான்கு கதவையும் திறந்துவைத்து நிழலில் ஆறப்போட்டார்கள். ஹேர் டிரையர் கிடையாது, வெயில் கிடையாது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்து பார்க்கலாமா என்று மெல்லக் காலைத் தூக்கினேன்.

"அக்கா, நில்லுங்க! ஜீன்ஸ் புதுசா?"

புதுசுதான். ஈரம் மிச்சமிருக்கும் தோலில் புது ஜீன்ஸின் நீலம் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடாம். அதனால் வெளியே நின்றபடியே புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை!