சிறுகுறிஞ்சான்

சிறுகுறிஞ்சான் அல்லது சர்க்கரைக்கொல்லி (ஜிம்னிமா சில்வெஸ்டர்) என்பது இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளில் வளரும் பல்லாண்டு ஏறுகொடியாகும். வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் படர்ந்திருக்கும். இதன் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. பூக்கள் சிறியவை, மஞ்சள் நிறமானவை. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நீரிழிவுக்கு இதன் இலை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இந்தியில் இதற்கு வழங்கும் 'குட்மார்' என்ற பெயரும் சர்க்கரையை அழிப்பது என்றே பொருள்படும்.

பெயருக்குக் காரணம் நீரிழிவு அன்று, நாக்கு. இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைப் போலிருக்கும், இனிப்பு தெரியாது. இந்நிலை அரை மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கலாம். உதகமண்டலத்தில் பணியாற்றிய வேதியியலாளர் டேவிட் ஹூப்பர் 1887இல் இலையை ஆராய்ந்து, இதற்குக் காரணமான பொருளுக்கு ஜிம்னிமிக் அமிலம் எனப் பெயரிட்டார். அது ஒரே அமிலமன்று, பல சப்போனின்களின் தொகுதி என்பது பின்னர் தெரியவந்தது. இவை நாக்கிலுள்ள இனிப்புச் சுவை ஏற்பியுடன் பிணைந்து அதன் செயலைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன. நாக்கில் இனிப்பு மறைவதால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டதாகக் கொள்வது தவறு, இரண்டும் வெவ்வேறு.

இரத்தச் சர்க்கரை குறித்த சான்று இதைவிடச் சிறியது. 1990இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள் 22 பேர் வழக்கமான மாத்திரையுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாறத்தை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். சர்க்கரை அளவு குறைந்தது; ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. ஊக்கமூட்டும் முடிவுதான். ஆயினும் 22 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்கள் உட்கொண்டது அளவிட்ட சாறம். கடைகளில் விற்கும் பொடியில் எவ்வளவு ஜிம்னிமிக் அமிலம் உள்ளது என்பது இலைக்கு இலை மாறும்.

கணையத்திலிருந்து இன்சுலின் சுரப்பைத் தூண்டுவது, குடலில் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைக் குறைப்பது ஆகியன இதன் செயல்முறைகளாகக் கருதப்படுகின்றன. இதனாலேயே இன்சுலின், கிளிபென்கிளமைடு போன்ற மருந்துகளுடன் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படலாம். மருத்துவருக்குத் தெரிவிக்காமல் பொடியைத் தொடங்குவதும், பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தானவை. முதலாம் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு இது மாற்றாகாது. கல்லீரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியுள்ளது.

இதே பேரினத்தைச் சேர்ந்த குறிஞ்சா இலையை யாழ்ப்பாணத்தில் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ சேர்த்து வறையாகச் சமைப்பர். கசப்பு சற்று இருக்கும்.