கொலஸ்ட்ரால்: மொத்த அளவு மட்டும் போதுமா?

மிளகும் கொப்பரையும் விலை பேசப்படும் மட்டாஞ்சேரியில், இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியவர் பெரும்பாலும் கேட்பது, "இனித் தேங்காய் எண்ணெயை விட்டுவிட வேண்டுமா?" என்பதுதான். விடை காணுமுன், அறிக்கையிலுள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என அறிவது நலம்.

கொலஸ்ட்ரால் உடலுக்கு இன்றியமையாதது. செல்களின் சவ்வு, சில ஹார்மோன்கள், பித்தநீர் ஆகியவை உருவாக அது தேவை. அதன் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. நீரில் கரையாத இப்பொருளை இரத்தத்தில் சில துகள்கள் சுமந்து செல்கின்றன. அவற்றுள் எல்.டி.எல். மிகுந்தால், இரத்தக்குழாயின் உட்சுவரில் கொலஸ்ட்ரால் படிந்து நாளடைவில் அடைப்பு உண்டாகும். எச்.டி.எல்., மிகுதியானதைக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டுசெல்ல உதவுகிறது. ட்ரைகிளிசரைடு என்பது கொலஸ்ட்ரால் அன்று. உடல் சேமித்து வைக்கும் கொழுப்பு. இனிப்பு, மாவுப்பொருள், மது ஆகியவை மிகும்போது அது உயரும்.

இருப்புத் தொகையை மட்டும் பார்த்து ஒரு கணக்கின் வரவு செலவை அறிய இயலாது. மொத்தக் கொலஸ்ட்ராலும் அத்தகையதே. இருவருக்கும் மொத்தம் 180 மில்லிகிராம் எனக் கொள்வோம். ஒருவரின் எச்.டி.எல். 60, மற்றவருடையது 30. கழித்தால் எஞ்சுவது முறையே 120, 150. இரண்டாமவரே கவலை கொள்ள வேண்டியவர். இந்தியர் பலருக்கு எச்.டி.எல். குறைந்தும் ட்ரைகிளிசரைடு மிகுந்தும் காணப்படுவதால், இந்தக் கழித்தல் நமக்கு மிகவும் பயன்படும்.

இந்திய இதயவியல் சங்கம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துகொள்ளப் பரிந்துரைக்கிறது. பொதுவாக எல்.டி.எல். 100க்கும், மேலே கழித்து எஞ்சிய அளவு 130க்கும் கீழே இருக்க வேண்டும். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழும், மாரடைப்பு கண்டவர்களுக்கு 55க்குக் கீழும் இருத்தல் வேண்டும். ஆகவே, அறிக்கையில் அச்சிடப்பட்ட இயல்பு வரம்பு எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

இனி, தேங்காய் எண்ணெய். அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பே. கொச்சி அமிர்தா மருத்துவக் கழகத்தினர் இதயநோயாளிகள் 200 பேரை இரண்டாண்டுகள் ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். தேங்காய் எண்ணெய் உண்டவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெய் உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் அவர்கள் அனைவரும் முறையான சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். அளவைச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவதாகக் கண்டது. எனவே தாளிக்கும் அளவோடு நிறுத்திக்கொண்டு, பொரித்தவற்றைக் குறைப்பதே தக்க வழி. நாள்தோறும் நடைப்பயிற்சியும் புகையிலையை விடுதலும் இதயத்துக்கு மேலும் துணைசெய்யும்.

ஒன்றை வாடிக்கையாளர்கள் மறவாதிருக்க வேண்டும். மருந்தால் எண் குறைந்தவுடன் சிலர் மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். கடன் கணக்கு ஒழுங்காயிருக்கிறது என்று கண்டு தவணை கட்டுவதை நிறுத்துவது போன்றது அது. தவணை கட்டியதால்தான் கணக்கு ஒழுங்காயிருந்தது. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரைக் கேட்டே நிகழட்டும்.