கிரகணத்தன்று காகம் என்ன செய்யும்?

கிரகணம் என்றால் நம் இல்லங்களில் கதவு சாத்தப்படும். தயிரிலும் ஊறுகாயிலும் தர்ப்பை விழும். பிள்ளைகள் வாசல் தாண்டக் கூடாது. பெங்களூருக்குக் குடிவந்து இரண்டு தலைமுறை ஆன வீடுகளிலும் இதுதான் வழக்கம். "காக்கை குருவிக்கே தெரியும், கூட்டுக்குப் போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதானா?

இதற்கு விடை தேட உதவியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற சாதாரண மக்களே. 1932 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் வடகிழக்கில் முழுச் சூரிய கிரகணம். பாஸ்டன் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், கண்டதை எழுதி அனுப்புமாறு பொதுமக்களைக் கேட்டார்கள். ஏறக்குறைய 500 குறிப்புகள் வந்து சேர்ந்தன. 2017 கிரகணத்தின்போது பள்ளிச் சிறுவர்களின் உதவியோடு பூக்களருகே சிறு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டார்கள். முழு இருள் கவிந்ததும் தேனீக்களின் ரீங்காரம் அடங்கிவிட்டது.

எனக்கு மிகப் பிடித்தது மெக்சிகோ சிலந்திகளின் கதை. 1991 ஜூலை 11 கிரகணத்தில் இருள் வந்ததும் அவை தம் வலைகளைப் பிரிக்கத் தொடங்கின. ஆராய்ச்சியாளர்கள் சில வலைகளுக்கு மட்டும் விளக்கொளி காட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிரிக்கப்படவே இல்லை! ஆக, சிலந்தியை ஏவியது ராகுவோ கேதுவோ அல்ல, வெளிச்சம் குறைந்ததுதான்.

2019 டிசம்பர் 26 காலை, பெங்களூரில் சூரியன் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தபோது நான் அல்சூர் ஏரிக்கரையில் இருந்தேன். வெயில் சற்று மங்கியது, அவ்வளவே. பருந்துகள் வட்டமிட்டபடியே இருந்தன. நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. ஒன்றும் நடக்கவில்லை என்பதும் ஒரு குறிப்புத்தான். அதையும் எழுதி வைத்தேன்.

அடுத்து 2031 மே 21. மதுரை, தேனி, காரைக்குடிப் பக்கம் மதிய வேளையில் வளைய கிரகணம் தெரியும். பெங்களூரில் பகுதி கிரகணம். விடுமுறைக் காலமாதலால் நம்மில் பலர் ஊரில் இருப்போம். ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். ஆனால் முந்தின நாளும் மறுநாளும் அதே நேரத்தில், அதே மரத்தடியில் அமர்ந்து எழுத வேண்டும். மே மாத மதிய வெயிலில் பறவைகள் எப்படியும் அடங்கித்தானே இருக்கும்? முந்தின நாள் கணக்கு இல்லாவிட்டால் அந்த மௌனத்தையும் கிரகணத்தின் தலையில் கட்டிவிடுவோம்.

சூரியனைப் பார்க்க விரும்புவோருக்கு அதற்கென உள்ள கண்ணாடி கட்டாயம் வேண்டும். பாட்டிமார் மேலே பார்க்கவே வேண்டாம். திண்ணையில் அமர்ந்து, கொல்லைக் கோழி எத்தனை மணிக்கு என்ன செய்தது என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே வரலாம்.