காந்தி மார்க்கெட்டில் காற்றை எடை போடுறாங்க... பக்கத்துத் தெரு அபார்ட்மென்ட் தூசு அதில் தெரியுமா?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறியோடு காற்றையும் எடை போடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? தேசிய காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திருச்சியில் காற்றை அளக்கும் இடங்களில் காந்தி மார்க்கெட்டும் ஒன்று. மெயின்கார்டு கேட், மத்தியப் பேருந்து நிலையம், பிஷப் ஹீபர் கல்லூரி, பொன்மலை ஆகிய இடங்களிலும் இதேபோல் அளக்கிறார்கள்.

முறை எளிமையானது. கருவி காற்றை உள்ளிழுக்கும். அதிலிருக்கும் தூசு ஒரு வடிதாளில் படியும். தாளின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், காற்றில் எவ்வளவு தூசு இருந்தது என்பது தெரிந்துவிடும்.

ஆனால், மார்க்கெட்டை ஒட்டிய பாலக்கரையிலோ வரகனேரியிலோ ஒரு பழைய வீட்டை இடித்து அபார்ட்மென்ட் எழுப்பினால், அந்தத் தூசு இந்தக் கணக்கில் வருமா?

வாரத்துக்கு 2 நாள்தான்!

இந்தத் திட்டத்தின்படி ஒவ்வோர் இடத்திலும் வாரத்துக்கு 2 நாள், 24 மணி நேரம் அளப்பார்கள். வருடத்துக்கு 104 நாள். வெள்ளிக்கிழமை சுவரை இடித்து, அன்று அளவீடு இல்லையென்றால் அந்தத் தூசு எந்தக் கணக்கிலும் வராது. அளக்கும் நாளாகவே இருந்தாலும், நான்கு தெரு தள்ளியிருக்கும் கருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் கனமான தூசு பெரும்பாலும் வழியிலேயே படிந்துவிடும். அது படிவது பக்கத்து வீட்டு ஜன்னலிலும், எதிரே கடை விரித்திருப்பவரின் காய்கறியிலும்தான்.

நகரத்தின் பொதுவான நிலையைச் சொல்லத்தான் இந்தக் கருவிகள். ஒரு கட்டடத்தின் பாதிப்பைச் சொல்வதற்குத் தனி மதிப்பீடு தேவை.

மதிப்பீடு எப்படி நடக்கும்?

முதலில், வேலை தொடங்கும் முன் அந்த இடத்தில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று அளக்க வேண்டும். அடுத்து, இடிப்பது, பள்ளம் தோண்டுவது, லாரி போக்குவரத்து ஆகியவற்றால் எவ்வளவு தூசு கிளம்பும், காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று கணக்கிட வேண்டும். இரண்டையும் கூட்டி, அனுமதிக்கப்பட்ட அளவோடு ஒப்பிட வேண்டும்.

பி.எம்.10 எனப்படும் நுண்தூசுக்கு இந்தியாவில் 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த அளவோ 45 மட்டுமே. உதாரணத்துக்கு, ஏற்கெனவே 80 இருக்கும் தெருவில் கட்டுமானம் இன்னொரு 25-ஐச் சேர்த்தால் 105. வரம்பு தாண்டிவிடும்.

காற்றின் திசையும் முக்கியம். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றில், கட்டடத்துக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குத்தான் தூசு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழாக மாறும். ஒரே ஒரு பருவத்தில் அளந்தால் பாதி உண்மைதான் தெரியும்.

சின்ன கட்டடம் தப்பிக்குமா?

2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அதாவது, சுமார் 2.15 லட்சம் சதுர அடி. தலா 1,000 சதுர அடியில் 20 வீடுகள் கொண்ட அபார்ட்மென்ட், பார்க்கிங், படிக்கட்டு எல்லாம் சேர்த்தாலும் இதன் பக்கத்திலேயே வராது. ஒரே பகுதியில் இப்படிப் பத்துக் கட்டடங்கள் எழுந்தாலும், தனித்தனி ஆட்களுடையது என்றால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மூச்சு விடுபவருக்கோ பத்தின் தூசும் ஒன்றாகத்தான் வருகிறது.

தேசிய தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, தூத்துக்குடியோடு திருச்சியும் இருக்கிறது. அதனால் இந்தச் சின்னக் கணக்குகளை ஒதுக்கிவிட முடியாது.

அதேசமயம், சின்ன கட்டடம் என்றால் எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் கட்டுமானத் தூசைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் பெரிய திட்டங்களில் கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு (அதிகபட்சம் 10 மீட்டர்) காற்றுத் தடுப்பு, தண்ணீர் தெளிக்கும் வசதி, எடுத்த நடவடிக்கைகளைச் சொல்லும் அறிவிப்புப் பலகை ஆகியவை இருக்க வேண்டும். சின்னது, பெரியது என எல்லாக் கட்டுமானத்துக்கும் பொருந்தும் விதிகளும் உண்டு:

* டைல்ஸ், கிரானைட் போன்றவற்றைத் திறந்தவெளியில் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. இந்தத் தூசில் உள்ள சிலிக்கா, வேலை செய்பவரின் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும்.
* மணல், ஜல்லி, இடிபாடுகளைச் சாலையோரம் குவிக்கக் கூடாது.
* அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டிகள் மூடியிருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பெரிய திட்டம் என்றால், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தை மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பார்க்கலாம். என்னென்ன நிபந்தனைகள் என்பது அதில் இருக்கும்.
* விதிமீறலைத் தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள். மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம் ஆகியவற்றில் மனு கொடுக்கலாம்.
* கையடக்கக் கருவியில் அளந்தால், காற்று வரும் பக்கம், போகும் பக்கம் இரண்டிலும் அளந்து ஒப்பிடுங்கள். இவை பெரிய தூசைத் துல்லியமாகக் காட்டாது. ஆனால், வித்தியாசம் புரியும்.
* குடியேறிய பிறகு வரும் வாகனப் புகையையும் ஜெனரேட்டர் புகையையும் மறக்க வேண்டாம். ஜெனரேட்டரின் புகைக்குழாய் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கிறது என்பதைக் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் காற்று எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லையென்றால், பிறகு எவ்வளவு கெட்டது என்று நிரூபிக்க முடியாது. அதனால், பக்கத்து வீட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்பதற்கு முன்பே அளவீட்டைத் தொடங்குவது நல்லது.